‘ஐ7’ ஸ்டிக்கரை பார்த்து ஏமாறாதீர்கள்! போட்டோ, வீடியோ வேலைக்கு எந்த கம்ப்யூட்டர் வாங்கலாம்?

சென்னை,

கல்யாண வீடியோ எடுப்பவர்கள், போட்டோ ஸ்டூடியோ வைத்திருப்பவர்கள், யூ டியூபில் படம் போடும் இளைஞர்கள் - இவர்கள் எல்லோரும் கேமரா வாங்கும்போது ஆறு மாதம் யோசிக்கிறார்கள். கம்ப்யூட்டர் வாங்கும்போது ஆறு நிமிஷம் கூட யோசிப்பது இல்லை.

"ஐ7 சார்! மாட்டினா பறக்கும்!" என்பார் கடைக்காரர். பணம் கை மாறும். வீட்டுக்கு வந்து ‘4கே’ படத்தை போட்டால், பறக்காது. நொண்டும்!

முகூர்த்தம் முடிந்து மூன்று மாதம் ஆகியும் "வீடியோ எங்கே? ஆல்பம் எங்கே?" என்று பெண் வீட்டார் சத்தம் போடுகிறார்களே, அதற்கு பல நேரம் இந்த நொண்டி கம்ப்யூட்டர்தான் காரணம். வீட்டு நகையை அடகு வைத்து கம்ப்யூட்டர் வாங்கியவருக்கு, வேலையும் போய் பேரும் போகிறது.

டெல்லிக்கு நேரு பிளேஸ் என்றால், சென்னைக்கு மவுண்ட் ரோடு அருகே உள்ள ரிச்சி தெரு. அங்கே கிடைக்காத பாகம் இல்லை. ஆனால் எதை கேட்க வேண்டும் என்று தெரிந்து போக வேண்டும்.

இதோ விவரம்:-

ஒரு கல்யாணம் - 400 ஜி.பி.

முதலில் ஒரு கணக்கு.

பழைய ‘புல் எச்.டி.’ படத்தில் ஒரு காட்சிக்கு சுமார் 20 லட்சம் புள்ளிகள். ‘4கே’ படத்தில் சுமார் 83 லட்சம் புள்ளிகள். அதாவது நான்கு மடங்கு. கம்ப்யூட்டருக்கும் நான்கு மடங்கு வேலை.

இப்போதைய கேமராக்களில் ‘4கே’ படம் வினாடிக்கு 100 மெகாபிட் என்ற கணக்கில் பதிவாவது சகஜம். அப்படியானால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜி.பி.

ராத்திரி ரிசப்ஷன், காலையில் முகூர்த்தம். இரண்டு கேமரா, ஒவ்வொன்றும் நான்கு மணி நேரம் ஓடினால் 360 ஜி.பி. அதோடு ‘கேண்டிட்’ போட்டோக்கள், டிரோன் காட்சிகள். ஆக மொத்தம் 400 ஜி.பி.க்கு மேல்!

மாதம் எட்டு கல்யாணம் பிடித்தால் மூவாயிரம் ஜி.பி.யை தாண்டி விடும். இந்த சுமையை தாங்குகிற கம்ப்யூட்டர்தான் வேண்டும். ஆபீசில் கடிதம் அடிக்கிற கம்ப்யூட்டர் இதற்கு ஆகாது.

‘ஐ7’ முக்கியம் இல்லை. அடுத்த எண்தான் முக்கியம்!

‘ஐ5’, ‘ஐ7’ என்பது ஜாதகத்தில் பாதிதான். அதற்கு அடுத்து வரும் எண்ணில்தான் வயது இருக்கிறது.

‘ஐ7-4770’ என்று இருந்தால், அது நான்காவது தலைமுறை. 2013-ம் ஆண்டு வந்தது. ‘ஐ5-12400’ என்று இருந்தால், பன்னிரண்டாவது தலைமுறை. 2022-ம் ஆண்டு வந்தது.

முதலில் சொன்ன ஐ7-ல் 4 ‘கோர்’. பின்னால் வந்த ஐ5-ல் 6 ‘கோர்’. ஒவ்வொரு ‘கோரும்’ வேகம் அதிகம். அதாவது தம்பி ஐ5, தாத்தா ஐ7-ஐ சுலபமாக தோற்கடித்து விடும்!

இது தெரியாமல் "ஐ7 இருபதாயிரத்துக்கு கிடைச்சுது" என்று சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு. கடைசியில் சந்தோஷப்படுவது விற்றவர்தான்.

2023-ம் ஆண்டு டிசம்பரில் இருந்து இன்டெல் கம்பெனி ‘அல்ட்ரா 5’, ‘அல்ட்ரா 7’ என்று பெயரை மாற்றி விட்டது. அதிலும் அடுத்த எண்ணின் முதல் இலக்கத்தை பாருங்கள். 1 என்றால் முதல் வரிசை. 2 என்றால் இரண்டாம் வரிசை.

ஏ.எம்.டி. கம்பெனியின் ‘ரைசன்’ லேப்டாப்பிலும் இதே கதை உண்டு. ‘ரைசன் 5 7520யு’ என்று இருந்தால் 7 என்ற எண்ணை பார்த்து புதுசு என்று நினைப்பீர்கள். மூன்றாவது இலக்கம் 2. அது ‘ஜென் 2’ என்ற பழைய அமைப்பு. 2019-ம் ஆண்டு சரக்கு, புது சட்டை போட்டு வந்திருக்கிறது!

‘எப்’ என்ற ஒற்றை எழுத்து

வீடியோ வேலைக்காரர்கள் கவனிக்க வேண்டிய ரகசியம் இது.

‘12400’ என்று ஒரு சிப். ‘12400எப்’ என்று இன்னொரு சிப். ‘எப்’ போட்டது கொஞ்சம் விலை குறைவு. "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்பார்கள்.

ஒன்று அல்ல! ‘எப்’ போட்ட சிப்பில் உள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் வேலை செய்யாது. அதோடு ‘குயிக் சிங்க்’ என்ற வசதியும் போய் விடும். சுருக்கி வைத்த வீடியோவை பிரித்துக் காட்டுகிற வேலைக்காரன் இந்த குயிக் சிங்க்தான்.

கல்யாண ‘மிக்சிங்’ வேலையில் ரொம்ப பேர் வைத்திருப்பது ‘எடியஸ்’. அது நெடுநாளாக இந்த குயிக் சிங்கை நம்பி ஓடுகிறது. ‘பிரீமியர்’ மென்பொருளும் இதை பயன்படுத்துகிறது. சில நூறு, ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்க ‘எப்’ வாங்கினால், தினமும் மணிக்கணக்கில் நஷ்டம்.

இன்னொரு விஷயம். சோனி ஏ7 4, கேனான் ஆர்6 போன்ற கேமராக்கள் ‘10 பிட், 4:2:2’ என்ற முறையில் படம் எடுக்கின்றன. கலரை மாற்ற அருமையாக இருக்கும். ஆனால் ‘எச்.265’ சுருக்கத்தில் எடுத்த இந்த படம் பல கம்ப்யூட்டர்களில் விட்டு விட்டு ஓடும்.

இதை பிரிக்கும் வசதி இன்டெல் சிப்பில் 11-வது தலைமுறையில் இருந்து இருக்கிறது. என்விடியா கார்டுகளில் 2025-ம் ஆண்டு வந்த ஆர்.டி.எக்ஸ். 50 வரிசையில்தான் வந்தது. அதற்கு முந்தைய 30, 40 வரிசை கார்டு எவ்வளவு விலை கொடுத்து வாங்கி இருந்தாலும் இந்த வேலையை அது செய்யாது.

எனவே கடைக்கு போகும் முன் உங்கள் கேமரா எந்த முறையில் எடுக்கிறது என்று ‘மெனு’வில் பார்த்து எழுதிக் கொள்ளுங்கள்.

ரேம்: ஒன்று போதாது, இரண்டு!

போட்டோ வேலை மட்டும் என்றால் 16 ஜி.பி. ரேம் வைத்து ஓட்டலாம். ‘4கே’ வீடியோ என்றால் 32 ஜி.பி. ‘பிரீமியர்’ தயாரிக்கும் அடோபி கம்பெனியே எச்.டி.க்கு 16, ‘4கே’க்கு 32 என்றுதான் சொல்கிறது.

32 ஜி.பி.யை ஒரே துண்டாக மாட்டாதீர்கள். 16, 16 என்று இரண்டாக மாட்டினால் இரண்டு வழியிலும் போக்குவரத்து நடக்கும். ஒற்றை வழிப் பாதையில் பஸ் விடுவதற்கும், இரட்டை வழிப் பாதையில் விடுவதற்கும் உள்ள வித்தியாசம்.

2025-ம் ஆண்டு கடைசியில் உலகம் பூராவும் ரேம் விலை மளமளவென்று ஏறியது. ‘ஏ.ஐ.’ வேலைக்காக பெரிய பெரிய கம்பெனிகள் மெமரி சிப்புகளை அள்ளிக் கொண்டு போனதே காரணம். ஆகவே ரேமுக்கு ஒரு கடையில் கேட்ட விலையோடு திருப்தி அடையாதீர்கள். நாலு கடை ஏறி இறங்குங்கள். கொட்டேஷனில் தேதி போட்டு வாங்குங்கள்.

கிராபிக்ஸ் கார்டு யாருக்கு வேண்டும்?

எல்லோருக்கும் பெரிய கார்டு தேவை இல்லை.

‘போட்டோ ஷாப்’பில் முகம் துடைத்து, ஆல்பம் டிசைன் போடுகிறவருக்கு நல்ல சிப்பும், ரேமும் போதும். கார்டு சின்னதாக இருந்தாலும் பாதகம் இல்லை.

‘லைட் ரூம்’ பயன்படுத்துகிறவர்கள் கதை வேறு. இருட்டு மண்டபத்தில் எடுத்த படத்தில் புள்ளி புள்ளியாக இருக்குமே, அதை நீக்கும் ‘ஏ.ஐ. டீநாய்ஸ்’ வசதி 2023-ம் ஆண்டு வந்தது. இது கார்டை வைத்துத்தான் வேலை செய்கிறது. நல்ல கார்டில் ஒரு படம் சில வினாடி. கார்டு இல்லாவிட்டால் நிமிஷக் கணக்கு. ஆயிரம் படத்துக்கு பெருக்கிப் பாருங்கள்!

‘டாவின்சி ரிசால்வ்’ மென்பொருள் பெரும்பாலும் கார்டை நம்பித்தான் இருக்கிறது. இதில் இலவச பதிப்பும் உண்டு. அதில் 3840 X 2160 அளவு வரை படம் வெளியே எடுக்கலாம். கல்யாண வேலைக்கு அதுவே தாராளம். ‘4கே’ வேலைக்கு கார்டில் 8 ஜி.பி. மெமரி இருந்தால் ஓட்டலாம். 12 அல்லது 16 இருந்தால் நிம்மதி.

ஹார்ட் டிஸ்க் மட்டும் என்றால் வேண்டாம்!

சாதாரண ஹார்ட் டிஸ்க் வினாடிக்கு 150 முதல் 250 எம்.பி. வரை படிக்கும். ‘சாட்டா’ எஸ்.எஸ்.டி. சுமார் 550. ‘என்.வி.எம்.இ.’ எஸ்.எஸ்.டி. 3,500. அதிலும் நான்காம் தலைமுறை என்றால் 7,000 வரை போகும்.

ஆகவே விண்டோசும் மென்பொருளும் ஒரு எஸ்.எஸ்.டி.யில். இப்போது கையில் இருக்கும் வேலை இன்னொரு எஸ்.எஸ்.டி.யில். முடிந்த வேலை பெரிய ஹார்ட் டிஸ்கில். இந்த மூன்றடுக்கு ஏற்பாடுதான் நல்லது.

‘கார்டு ரீடர்’ விஷயத்திலும் கஞ்சத்தனம் கூடாது. பழைய யு.எஸ்.பி. 2 ரீடரில் வினாடிக்கு 35 எம்.பி. போனாலே அதிகம். 400 ஜி.பி.யை காப்பி செய்ய மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். யு.எஸ்.பி. 3 ரீடரும், நல்ல மெமரி கார்டும் இருந்தால் ஒன்றேகால் மணி நேரத்தில் முடியும்.

‘2 டி.பி. எஸ்.எஸ்.டி. ஆயிரம் ரூபாய்’ என்று பார்த்தால் ஓடி விடுங்கள்! உள்ளே சின்ன மெமரி கார்டை ஒட்டி வைத்து, பெரிய அளவு காட்டும்படி ஏமாற்று வேலை செய்த டிஸ்குகள் உலவுகின்றன. காப்பி ஆகும். ஆனால் திறந்து பார்த்தால் படம் இருக்காது.

திரை பொய் சொன்னால் ஆல்பமும் பொய்!

எல்லா பணத்தையும் பெட்டியில் கொட்டி விட்டு, திரைக்கு "இருக்கிறதை மாட்டுங்க" என்பவர்கள் உண்டு. இது பெரிய தப்பு.

திரையில் மாநிறமாக தெரிகிற மணப்பெண், ஆல்பத்தில் மஞ்சளாகவோ சிவப்பாகவோ வந்தால் என்ன ஆகும்? அச்சடித்த செலவு உங்கள் தலையில்!

‘ஐ.பி.எஸ்.’ திரை கேளுங்கள். ‘எஸ்.ஆர்.ஜி.பி. 100 சதவீதம்’ என்று அட்டைப் பெட்டியில் இருக்கிறதா பாருங்கள். மலிவான லேப்டாப்புகளில் ‘45 சதவீதம் என்.டி.எஸ்.சி.’ என்று போட்டிருக்கும். அது கலர் வேலைக்கு உதவாது. ‘72 சதவீதம் என்.டி.எஸ்.சி.’ என்றால் ஏறக்குறைய எஸ்.ஆர்.ஜி.பி. முழுமைக்கு சமம்.

வெளிச்சத்தை முழுக்க ஏற்றி வைத்து கலர் பார்க்காதீர்கள். திரையில் பளிச்சென்று இருந்த படம், பிரிண்ட்டில் இருண்டு போவது இதனால்தான்.

லேப்டாப்பா? டெஸ்க்டாப்பா?

மண்டபத்திலேயே உட்கார்ந்து அன்றைக்கே ‘ரீல்ஸ்’ போட்டுக் கொடுக்கிறவருக்கு லேப்டாப் அவசியம். ஒரே இடத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவருக்கு டெஸ்க்டாப்தான் லாபம். அதே பணத்தில் வேகம் அதிகம். ஒரு பாகம் போனால் அதை மட்டும் மாற்றலாம்.

லேப்டாப்பில் கார்டின் பெயரை மட்டும் பார்க்காதீர்கள். ஒரே பெயர் கொண்ட கார்டு ஒரு லேப்டாப்பில் குறைந்த ‘வாட்’டிலும், இன்னொன்றில் இரண்டு மடங்கு ‘வாட்’டிலும் ஓடும். வேகமும் அதற்குத் தக்கபடி.

‘மேக் மினி’ என்ற குட்டிப் பெட்டியையும் பலர் விசாரிக்கிறார்கள். 2024-ம் ஆண்டு ‘எம்4’ சிப்புடன் வந்தபோது இந்தியாவில் ஆரம்ப விலை ரூ.59,900. ரேம் 16 ஜி.பி. உள் டிஸ்க் 256 ஜி.பி. மேலே சொன்ன ‘10 பிட்’ வீடியோவை இது அலட்டிக் கொள்ளாமல் ஓட்டும். கரண்டும் கம்மி.

ஆனால் மூன்று விஷயம் கவனிக்கவும். திரை, கீ போர்டு, மவுஸ் தனி. ரேமை பின்னால் கூட்ட முடியாது. எடியஸ் மேக்கில் ஓடாது. எடியஸ் பழகிய கை என்றால் யோசித்து இறங்குங்கள்.

பழைய சரக்கு வாங்கலாமா?

வாங்கலாம். கண்ணை திறந்து கொண்டு வாங்க வேண்டும்.

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் கம்பெனி கொடுத்து வந்த வழக்கமான ஆதரவு 2025-ம் ஆண்டு அக்டோபர் 14-ந் தேதியோடு முடிந்து விட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற வேண்டுமானால் இன்டெல் சிப் 8-வது தலைமுறை அல்லது அதற்கு பிந்தையதாக இருக்க வேண்டும். எனவே 4-வது, 6-வது தலைமுறை பெட்டிகளை தள்ளி விட பலர் காத்திருப்பார்கள். நீங்கள் தலையை கொடுக்காதீர்கள்.

பழைய கிராபிக்ஸ் கார்டு என்றால் இன்னும் உஷார். ‘கிரிப்டோ’ நாணயம் எடுக்க ராப்பகலாக ஓட விட்ட கார்டுகள், 2022-ம் ஆண்டு செப்டம்பரில் எத்தீரியம் நாணயத்தின் முறை மாறிய பிறகு சந்தைக்கு வந்தன. மேலே பளபளப்பாக துடைத்திருப்பார்கள். அரை மணி நேரம் ஓட விட்டு, சூடும் சத்தமும் பார்த்த பிறகே பணத்தை எடுங்கள்.

சின்ன செலவு, பெரிய காவல்

‘எஸ்.எம்.பி.எஸ்.’ பெட்டியில் மிச்சம் பிடிக்காதீர்கள். ‘80 பிளஸ்’ முத்திரை உள்ளதை கேளுங்கள். மட்டமான பெட்டி வெடித்தால், மதர் போர்டையும் டிஸ்கையும் சேர்த்துக் கொண்டு போகும்.

யு.பி.எஸ். கட்டாயம் வேண்டும். ஆறு மணி நேரம் ‘ரெண்டர்’ ஓடி, முடிகிற நேரத்தில் கரண்டு போனால் அந்த வயிற்றெரிச்சலை சொல்லி மாளாது. பெரிய கார்டு போட்ட கம்ப்யூட்டருக்கு 600 வி.ஏ. யு.பி.எஸ். திணறும். 1 கே.வி.ஏ. பாருங்கள்.

சென்னை வெயிலும் தூசியும் கம்ப்யூட்டருக்கு எதிரி. சூடு ஏறினால் சிப் தானாகவே வேகத்தை குறைத்துக் கொள்ளும். காற்று போக வழி உள்ள ‘கேபினட்’ வாங்குங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை தூசி தட்டுங்கள்.

ஒன்ஸ் மோர் கிடையாது!

எல்லாவற்றையும் விட முக்கியம் இது.

கம்ப்யூட்டர் போனால் வேறு வாங்கலாம். தாலி கட்டுவதை மறுபடி எடுக்க முடியுமா? மேடையில் ஆசீர்வாதம் செய்த தாத்தா, அடுத்த வருஷம் இருப்பார் என்பது என்ன நிச்சயம்?

எனவே ஒவ்வொரு கல்யாணத்துக்கும் மூன்று காப்பி. ஒன்று வேலை செய்யும் டிஸ்கில். ஒன்று வேறு ஹார்ட் டிஸ்கில். ஒன்று ஸ்டூடியோவில் இல்லாமல் வீட்டிலோ, வேறு இடத்திலோ. காப்பி எடுத்து, திறந்து பார்த்த பிறகே மெமரி கார்டை அழிக்க வேண்டும்.

கம்ப்யூட்டருக்கு பட்ஜெட் போடும்போதே இரண்டு ஹார்ட் டிஸ்க் விலையையும் சேர்த்துப் போடுங்கள். அதற்காக கார்டில் ஒரு படி இறங்கினாலும் தப்பு இல்லை.

பணமே இல்லையா? இதை செய்யுங்கள்!

கடன் வாங்கும் முன், இருக்கிற கம்ப்யூட்டரிலேயே ‘பிராக்சி’ முறையை பயன்படுத்திப் பாருங்கள். ‘4கே’ படத்துக்கு சின்ன அளவில் ஒரு நகல் எடுத்து, அதை வைத்து வெட்டி ஒட்டலாம். கடைசியில் வெளியே எடுக்கும்போது மென்பொருளே ஒரிஜினல் படத்தை எடுத்துக் கொள்ளும். எடியஸ், பிரீமியர், ரிசால்வ் மூன்றிலும் இந்த வசதி உண்டு.

ஹார்ட் டிஸ்கில் ஓடும் கம்ப்யூட்டருக்கு ஒரு எஸ்.எஸ்.டி. மாட்டினாலே பாதி தலைவலி தீரும்.

‘டாஸ்க் மேனேஜர்’ திறந்து, வேலை நடக்கும்போது எது 100 சதவீதம் தொடுகிறது என்று பாருங்கள். ரேம் நிறைந்தால் ரேம் வாங்குங்கள். டிஸ்க் திணறினால் எஸ்.எஸ்.டி. வாங்குங்கள். வயிற்று வலிக்கு கண் ஆபரேஷன் செய்ய வேண்டாம்!

கடைக்கு போகும்போது

உங்கள் கேமராவில் எடுத்த இரண்டு, மூன்று காட்சிகளை ஒரு டிஸ்கில் போட்டுக் கொண்டு போங்கள். "இதை ஓட்டிக் காட்டுங்க" என்று கேளுங்கள். கடைக்காரர் காட்டும் படத்தை பார்த்து மயங்காதீர்கள். கடையில் முடியாவிட்டால், அதே மாதிரி கம்ப்யூட்டர் வைத்திருக்கும் நண்பரிடம் ஓட்டிப் பாருங்கள்.

ஒவ்வொரு பாகத்தின் கம்பெனி, மாடல், சீரியல் நம்பர் எல்லாம் பில்லில் இருக்க வேண்டும். "பில் இல்லாம குறைச்சு தர்றேன்" என்றால் சம்மதிக்காதீர்கள். பில் இல்லாவிட்டால் வாரண்டிக்கு அலைய வேண்டி வரும். கம்ப்யூட்டருக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். வழக்கமான முறையில் ஜி.எஸ்.டி. பதிவு வைத்து தொழில் செய்கிறவர்கள், முறையான பில் இருந்தால் அந்த வரியை தங்கள் வரியில் கழித்துக் கொள்ளலாம்.

முகூர்த்தம் நெருக்கும் நேரத்தில் புது கம்ப்யூட்டரில் கை வைக்காதீர்கள். ஆடியிலும், மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. வாங்கவும், மென்பொருள் ஏற்றவும், பழகிக் கொள்ளவும் அதுதான் சரியான நேரம்.

வரிசையை மறந்து விடாதீர்கள்: முதலில் உங்கள் கேமரா, அடுத்து உங்கள் மென்பொருள், அதற்கு ஏற்ற சிப், ரேம், எஸ்.எஸ்.டி., திரை. ஸ்டிக்கருக்கு இந்த வரிசையில் இடமே கிடையாது!